மறதி நோய் உள்ள முதியவரை வைரஸ் காய்ச்சல் ஏன் இவ்வளவு சாய்த்துவிடுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 81 வயது. நான்கு ஆண்டுகளாக மறதி நோய். ஃப்ளூ காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தீர்கள். அதே வைரஸுடன், ஏறக்குறைய அதே வயதில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். உங்கள் அப்பாவுக்கு நிமோனியா வந்தது, கைகளைக் கட்டிவைத்தார்கள், கடைசியில் படுத்த படுக்கையாக வீடு திரும்பினார். "மறதி மூளையில் இருக்கிற நோய், சளி நுரையீரலில் இருக்கிற நோய். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த முறை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பந்தம் நிறைய இருக்கிறது. இரண்டு கட்டில்களிலும் ஒரே வைரஸ்தான். ஆனால் நோயை நாம் எப்போது கண்டுகொள்கிறோம், அவர் எப்படி விழுங்குகிறார், காய்ச்சலை அவருடைய மூளை எப்படித் தாங்குகிறது, மருத்துவமனை அவரை எப்படி நடத்துகிறது, அவருக்காக யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்ற எல்லா இடங்களிலும் மறதி நோய் குறுக்கே வருகிறது. முதியோர் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. இந்த இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை மாற்ற முடியும். அவற்றை மாற்றக்கூடியவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். அந்த முதியவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான்.

முதலில், இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பதற்குச் சில எண்கள். 2020 மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட் தொடர்பாக 50,335 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களில் முதன்மையானது எது என்று அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இறப்புச் சான்றிதழ்களைக் கொண்டு கணக்கிட்டது. இதய நோயோ சர்க்கரையோ நுரையீரல் நோயோ முதலிடத்தில் வரவில்லை. மறதி நோய்தான் வந்தது: 12,869 பேர், நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகம். கோவிட்டுக்கு வெகு முன்பே, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மோரிசன், சியு என்ற இரு மருத்துவர்கள் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முற்றிய மறதி நோய் இருந்தவர்களில் 53 சதவீதம் பேர் ஆறு மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். நினைவு தெளிவாக இருந்தவர்களில் அந்த எண் 13 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். மறதி நோய் உள்ளவர்கள் பொதுவாக அதிக வயதானவர்கள், உடல் தளர்ந்தவர்கள். மேற்கு நாடுகளில் அவர்களில் பலர் முதியோர் இல்லங்களில் நெருக்கமாக வாழ்ந்தவர்கள். வைரஸ் உள்ளே நுழைந்ததும் வரிசையாகப் பிடித்துக்கொண்டது. இதில் எவ்வளவு மறதி நோயால், எவ்வளவு தளர்ச்சியால் என்று சுத்தமாகப் பிரிக்க முடியாது. உடல் அளவிலேயே சில தொடர்புகள் இருக்கலாம்: மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமரின் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை இரு பெற்றோரிடமிருந்தும் வந்தவர்களுக்கு, மறதி நோய் இன்னும் தலைகாட்டாத நிலையிலும், கோவிட் கடுமையாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நல விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பயோபேங்க் தரவுகள் காட்டின. ஆனால் மரபணுவை நாம் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடிந்தவற்றுக்கு வருகிறேன்.

முதல் இழப்பு நேரத்தில். நினைவு தெளிவாக இருப்பவர் "நெஞ்சு அடைக்கிறது, குளிர் எடுக்கிறது" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். மறதி நோய் உள்ளவருக்கு அந்த உணர்வு வரும். அதற்கு ஒரு பெயர் வைத்து நம்மிடம் சொல்லும் வழிதான் அடைபட்டிருக்கும். அதனால் நோய் வேறு உருவில் வெளியே வருகிறது. நேற்றுவரை தானாகச் சாப்பிட்டவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடந்தவர் இரண்டு முறை தடுக்கி விழுவார். படுக்கையில் சிறுநீர் போவார். இல்லாத ஆளுடன் பேசுவார், பினாத்துவார். வீட்டில் எல்லோரும் "மறதி முற்றிவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள். மறதி நோய் ஓரிரு நாளில் முற்றாது. மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிற நோய் அது. ஒரே நாளில் ஆள் மாறிவிட்டார் என்றால், வேறொரு நோய் வந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தத் திடீர்க் குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். 2020இல் அமெரிக்காவின் ஏழு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குக் கோவிட்டுடன் வந்த, 65 வயதைத் தாண்டிய 817 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் டெலிரியத்துடனேயே வந்திருந்தார்கள். அப்படி வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை. குழப்பம் ஒன்றுதான் அறிகுறி. இருமலையும் சுடுகிற நெற்றியையும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் இவர்களை எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

டெலிரியம் என்றதும் கத்துவது, குழாயைப் பிடுங்குவது என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைவிட ஆபத்தானது சத்தமில்லாத வகை. முதியவர் அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பார். எழுப்பினால் அரைக்கண் திறந்து மீண்டும் மூடிக்கொள்வார். "பாவம், அசதியில் தூங்குகிறார்" என்று போர்த்திவிட்டுப் போய்விடுகிறோம். தொல்லை தராத நோயாளி என்பதால் வார்டிலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வழக்கத்துக்கு மாறான தூக்கத்தைப் பார்த்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

காய்ச்சல் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. முதுமையில் உடல் முன்போல் சூடேறுவதில்லை. வாயில் வைத்துப் பார்க்கையில் 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே முதியவருக்கு அது காய்ச்சல்தான். அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தாலும் காய்ச்சல்தான். இதற்கு அவருடைய வழக்கமான அளவு தெரிந்திருக்க வேண்டும். நலமாக இருக்கும் ஒரு வாரத்தில் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணுவது பலருக்கும் அற்பமாகத் தோன்றும். என் அனுபவத்தில் தெர்மாமீட்டரைவிட அது நம்பகமானது. அவர் அசந்து படுத்திருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 25ஐத் தொட்டால் நுரையீரலில் ஏதோ நடக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல கருவிதான். ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலும், அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாலும் தவறாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்து நிற்கும்வரை பொறுத்திருந்து படியுங்கள்.

இரண்டாவது இழப்பு தொண்டையில். உங்கள் அப்பாவுக்கு ஃப்ளூவோடு நிமோனியா சேர்ந்ததற்குக் காரணம் அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விழுங்குவது மூளை நடத்துகிற மிகச் சிக்கலான வேலை. மெல்ல வேண்டும், சேர்த்துப் பின்னால் தள்ள வேண்டும், அந்தக் கணத்தில் மூச்சுக்குழாயை மூட வேண்டும். மறதி நோய் வளர வளர இந்த ஒழுங்கு குலைகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இன்னும் போனால், புரையேறினால் வரவேண்டிய இருமல்கூட வராமல் போகிறது. எச்சிலும் கஞ்சியும் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. நல்ல நாளில் நுரையீரல் இதைச் சமாளித்துவிடும். வைரஸ் வந்து மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்ணாக்கிய நாளில் சமாளிக்காது. வாயிலிருக்கும் பாக்டீரியா அந்தப் புண்ணில் குடியேறுகிறது. வைரஸ் காய்ச்சல் தணிகிறது என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் இரண்டாவது முறையாகக் காய்ச்சல் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஏராளம், செலவும் இல்லை. படுத்தபடி எதையும் கொடுக்கக் கூடாது. நேராக உட்காரவைத்து, மோவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க, சிறு கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கி முடித்துவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு "எதையாவது வயிற்றுக்குள் தள்ளியாக வேண்டும்" என்று ஊட்டுவதுதான் நான் பார்க்கும் ஆபத்துகளில் மிகவும் பெரியது. அது அன்பினால் செய்யப்படுகிறது என்பதால் தடுப்பதும் கடினமாக இருக்கிறது. விழித்த பிறகு கொடுங்கள். அவர் விழிக்கவே இல்லை என்றால், அவருக்குத் தேவை மருத்துவர்.

அடுத்தது வாய்ச் சுத்தம். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள்; மற்றப் பிரிவினரை வழக்கம்போல விட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. பல் துலக்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு. விலையுயர்ந்த மருந்து ஒன்று இந்தப் பலனைத் தந்திருந்தால் நாம் கடன் வாங்கியாவது வாங்கியிருப்போம். காய்ச்சல் நாட்களில் "ஓய்வெடுக்கட்டும்" என்று முதலில் கைவிடப்படுவது பல் துலக்குவதுதான். அந்த நாட்களில்தான் அது மிக அவசியம். பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, மூளை. வீக்கமும் அழற்சியும் ஏற்கெனவே உள்ள மூளைக்கு, உடலில் எங்கோ நடக்கும் தொற்றுகூடப் பெரிய அடியாகிறது. இங்கிலாந்தின் சவுதாம்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழுவினர் அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதங்கள் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் ஏதேனும் தொற்றோ காயமோ ஏற்பட்டவர்களின் நினைவாற்றல் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சரிந்தது. இதனால்தான் "காய்ச்சல் போய்விட்டது, ஆனால் ஆள் பழையபடி இல்லை" என்று குடும்பங்கள் சொல்கின்றன. ஒரு பகுதி திரும்பும். டெலிரியம் வடிவதற்குச் சில சமயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். வீடு திரும்பிய முதல் வாரத்தில் இருக்கும் நிலையைப் பார்த்து "இனி இவ்வளவுதான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

நான்காவது மருத்துவமனை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2014இல் இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் காலில் புண் சீழ்பிடித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பல ஆண்டுகளாக அல்சைமர் இருந்தது. ஆனாலும் வீட்டில் நடமாடிக்கொண்டு, பேசிக்கொண்டு இருந்தவர். வார்டில் பார்வையாளர் நேரம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஐந்து வாரம் கழித்து வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக, நடக்கவும் பேசவும் தானாக உண்ணவும் முடியாதவராக வந்தார். அந்த நவம்பரில் இறந்தார். புண் ஆறியிருந்தது. அவருடைய மகள் நிக்கி ஜெரார்டும் தோழி ஜூலியா ஜோன்ஸும், மறதி நோய் உள்ளவருடன் அவரைப் பராமரிப்பவர் எந்நேரமும் இருக்கும் உரிமை கேட்டு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஜான்ஸ் கேம்பெய்ன் என்ற அந்த இயக்கத்தின் கோரிக்கையைப் பின்னர் பிரிட்டனில் ஏராளமான மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. பிறகு கோவிட் வந்தது. கதவுகள் மறுபடியும் மூடப்பட்டன. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், முகக்கவசமும் கவச உடையும் அணிந்த அந்நியர்களுக்கு நடுவில் மறதி நோயாளிகள் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

நம்மூரில் கூட ஓர் ஆள் இருப்பது வழக்கம். இந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் இருப்பவர் யார் என்பது முக்கியம். நோயாளி அடையாளம் கண்டுகொள்கிற ஒருவர் இருக்க வேண்டும். நாளுக்கு ஒருவராக முறை மாற்றினால் குழப்பம் கூடும். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, அவர் மேல் இருக்க வேண்டும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவில் விளக்கு அணையட்டும். ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் பிடுங்குகிறார் என்றால், அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை, மூச்சை யாரோ அடைப்பதாக நினைக்கிறார். முகத்தில் மாட்டும் மாஸ்க்குக்குப் பதிலாக மூக்கில் செருகும் சிறு குழாய் போதுமா என்று கேளுங்கள். பல நேரங்களில் போதும்.

கையைக் கட்டுவதைப் பற்றி. கட்டினால் பயம் கூடுகிறது, பயம் கூடினால் டெலிரியம் கூடுகிறது, படுத்தே கிடப்பதால் சளி நுரையீரலின் அடியில் தேங்குகிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லி அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பத்தே நாளில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்? நடக்க முடியாமல் உங்கள் அப்பா வந்ததில் வைரஸின் பங்கைவிடக் கட்டிலின் பங்கு பெரிதாக இருந்திருக்கலாம். மூச்சு அனுமதிக்கும் அளவுக்கு முதல் நாளிலிருந்தே நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் உண்மையிலேயே தேவையா என்று தினமும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின்னும் இதேதான்: கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, பிடித்துக்கொண்டு நிற்பது, பிறகு இரண்டடி. முட்டை, பருப்பு, பால் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மருந்துகளில் இரண்டைக் குறித்து எச்சரிக்கிறேன். ஒன்று, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சளி மாத்திரைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருக்கிறது. சில இருமல் மருந்துகளில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறது. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுக்கின்றன. மறதி நோய்க்காக அவர் சாப்பிடும் டோனெபெசில் அதே வேதிப்பொருளைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறோம். குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் மூன்றும் சேர்ந்து வரும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்.

மற்றொன்று, "அடங்குவதற்காக" போடப்படும் மனநோய் மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரணத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்தது. சோதனைகளில் அந்த மரணங்கள் பெரும்பாலும் இதயக் கோளாறாலோ நிமோனியா போன்ற தொற்றாலோ நேர்ந்தன. ஏற்கெனவே நிமோனியாவின் விளிம்பில் நிற்பவருக்கு இதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்திக்கொள்ளும் அளவுக்குக் கொந்தளிப்பு இருந்தால், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. லூயி பாடி வகை மறதி நோய் என்றால், இந்த மருந்துகளில் ஒன்றான ஹாலோபெரிடாலைக் கொடுக்கவே கூடாது. உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் அந்த இரவு இருக்கும் இளம் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஐந்தாவது, முடிவுகள். இதைப் பேசப் பலரும் தயங்குகிறார்கள். "வயதாகிவிட்டது, நினைவும் இல்லை, எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்" என்ற சொல் இரக்கத்தின் குரலில் வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு பரிசோதனைகள் குறைகின்றன, மருத்துவரின் வருகை குறைகிறது. ஸ்வீடனில் 2020இல் கோவிட் வந்த முதியோர் இல்லவாசிகளின் பதிவுகளை அந்நாட்டு மருத்துவக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, சுமார் ஐந்தில் ஒருவரை எந்த மருத்துவரும் தனிப்பட்ட முறையில் மதிப்பிடவே இல்லை என்று தெரிந்தது. இப்படி நேரும் மரணத்தையும் மறதி நோயின் கணக்கில்தான் எழுதுகிறோம். மோசமான எண்களில் ஒரு பகுதியை நாமே உருவாக்குகிறோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிமோனியாவின் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. அதில் "குழப்பம்" ஒரு மதிப்பெண். புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே அது. மறதி நோயாளி என்றதும், பழைய குழப்பத்தைப் புதிதென்று எண்ணிவிடவும் முடியும், புதிதாக வந்ததைப் பழையதென்று ஒதுக்கிவிடவும் முடியும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. பிரித்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். "இரண்டு வாரத்துக்கு முன் இவர் தானாகச் சாப்பிட்டார், கழிவறைக்கு நடந்து போனார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நேற்றிலிருந்து இது எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். "மறதி நோய் இருக்கிறது" என்பதைவிட மருத்துவருக்கு இது பலமடங்கு பயன்படும். கனடாவின் கென்னத் ராக்வுட் உருவாக்கிய தளர்ச்சி அளவுகோலும் நோய் வருவதற்கு முந்தைய இந்த நிலையைத்தான் கேட்கிறது. லேசான மறதி நோயுடன் தன் வேலைகளைத் தானே செய்துகொண்டவருக்கும், ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருப்பவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நோய் கடைசிக் கட்டத்தை அடைந்தவருக்கு நிமோனியா என்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் முற்றிய மறதி நோயுடன் முதியோர் இல்லங்களில் இருந்த 323 பேரை 18 மாதங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வந்தது. நிமோனியா வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அடுத்த ஆறு மாதங்களில் இறந்தார்கள். இந்தக் கட்டத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் செயற்கைச் சுவாசம் பெரும்பாலும் துன்பத்தைத்தான் நீட்டிக்கும். மூக்குவழி உணவுக் குழாயும் அப்படியே: முற்றிய மறதி நோயில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. கையால் மெல்ல ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. சிகிச்சையின் எல்லையைக் குறுக்குவதால் சிகிச்சை நின்றுவிடாது. மூச்சுத்திணறலைத் தணிக்கச் சிறு அளவு மார்ஃபின், வாய் உலராமல் ஈரம், பிடித்த குரல் பக்கத்தில் என்று செய்ய வேண்டியவை நிறைய உண்டு. இந்த உரையாடலைக் காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசி, மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவின் வாசலில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தின் முடிவாக இருக்கும்.

உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. ஆகவே அடுத்த முறை எப்போது வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எப்போது கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். குடிக்கிறார், விழித்திருக்கிறார், மூச்சு வழக்கமான அளவில் இருக்கிறது, ஆக்சிஜன் அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து இறங்கவில்லை என்றால் வீடுதான் அவருக்கு நல்ல இடம். தெரிந்த சுவர், தெரிந்த குரல், தெரிந்த சாப்பாடு. மருத்துவரிடம் தினமும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழ் போனால் அன்றே காட்டுங்கள். 90க்குக் கீழ் என்றால் உடனே கிளம்புங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்து வழக்கமே குறைவாக இருப்பவருக்கு எந்த எண் எல்லை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எழுப்பியும் விழிக்காமல் இருப்பது, அரை நாளாகச் சிறுநீர் போகாதது, தண்ணீரைக்கூட விழுங்க முடியாதது, நீலம் பாரித்த உதடு இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிநீரைத் தட்டிவிட்டு வெந்து போவதுதான் நடக்கும்.

ஃப்ளூ என்று சந்தேகம் வந்த முதல் நாளே மருத்துவரை அழைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒசெல்டாமிவிர் மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். தாமதமானாலும், மருத்துவமனையில் சேரும் அளவு நோய் இருந்தால் கொடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் முடிவைக் கையில் கொண்டுபோங்கள். கோவிட்டுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மாத்திரை வேறு பல மருந்துகளோடு மோதும் என்பதால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் தயங்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. நிமோகாக்கல் தடுப்பூசி, வைரஸுக்குப் பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியாவின் ஒரு பெரிய வகையைத் தடுக்கிறது. எந்த வகை, எத்தனை தவணை என்று உங்கள் மருத்துவர் சொல்வார். முதியவரின் உடல் தடுப்பூசிக்கு முழுதாகப் பதில் தருவதில்லை. அதனால் அவரைச் சுற்றியிருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது, ஃப்ளூ பரவிய பருவத்தில் அங்கு வசித்த முதியவர்களின் இறப்பு குறைந்ததை 2006இல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் வீட்டில் அந்தப் பணியாளர் நீங்களும், உங்கள் மனைவியும், பகலில் வேலைக்கு வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கொழுக வரும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுங்கள். அப்பா முகக்கவசத்தை ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவார். சளி பிடித்திருப்பவர் எவரோ அவர் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, கையைக் கழுவிவிட்டு அவர் பக்கத்தில் உட்காரட்டும்.